வருத்தமில்லாத வருத்தக்காரர்

"பிள்ளை, இந்தக் கதவை உள்ளுக்காலை பூட்டலாமோ?"

வந்த மனுசன் இன்னும் கதிரையிலை இருக்கேல்லை. பேரும் சொல்லேல்லை. முதல் கேள்வியே உதுதான்.

தக்சாயினிக்குத் திக்கெண்டுது. கொழும்புத்துறையிலை தன்ரை வீட்டு முன்னறையை ஒதுக்கி, 'மனநல ஆலோசனை' எண்டு போர்டு போட்டு மூண்டு மாசம்கூட ஆகேல்லை. ஒழுங்கையிலை அதுக்கு வைச்ச பேர் 'விசருக்குப் பாக்கிற வீடு'. இனி ஒரு சேட்டைக்காரன் வந்துபோன கதையும் பரவினா, ஒரு பொம்பிளை இந்தப் படி ஏறமாட்டா.

"பூட்டு இல்லை. ஏன் அண்ணை?"

"சும்மா கேட்டனான்."

சும்மா கேட்ட மனுசன் கைபிடியை ரெண்டு தரம் திருகிப் பார்த்தார். பிறகு நேர போய் அவவின்ரை கதிரையிலை இருந்தார்.

"அது என்ரை கதிரை."

"ஓ! அப்ப வாற ஆக்கள் உதிலையோ?" எண்டு எதிர்க் கதிரைக்கு மாறினார். "பரவாயில்லை, இதிலை இருந்தா றோட்டுத் தெரியுது."

வீடு வாங்க வந்த ஆள் மாதிரி.

பேர் ஜெயரூபன். வயசு அம்பத்திநாலு. மல்லாகத்திலை ஓட்டோ ஓடுறாராம்.

தக்சாயினி படிவத்தை நீட்டினா. "இஞ்சை கதைக்கிறது வெளியிலை போகாது. ஆற்றையும் உயிருக்கு ஆபத்து எண்டா மட்டும்தான் வேறை ஆக்களுக்குச் சொல்லுவன். அம்பது நிமிசம். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை."

"நீங்கள் எழுதிறதை ஆர் வாசிக்கிறது?"

"நான் மட்டும்."

"எங்கை வைப்பியள்?"

"அலுமாரியிலை."

"அலுமாரிப் பூட்டின்ரை திறப்பு ஆரிட்டை?"

உவர் சீஐடியோ? இல்லாட்டி உதே மாதிரி ஒரு ஆலோசனை அறையை மல்லாகத்திலை திறக்கப் போறாரோ?

"அண்ணை, உங்கடை பிரச்சினையைச் சொல்லுங்கோ."

ஜெயரூபன் முகட்டைப் பார்த்து யோசிச்சார்.

"நித்திரை வாறேல்லை."

"எத்தினை மணிக்குப் படுப்பியள்?"

"ஒன்பதுக்கு."

"எழும்பிறது?"

"காலமை ஆறு மணிக்கு."

"இடையிலை முழிப்பு வாறதோ?"

"இடையிலை என்னெண்டு முழிக்கிறது பிள்ளை? நித்திரையெல்லோ!"

தக்சாயினி பேனையை மூடி வைச்சா. "சரி, உங்களுக்கு விருப்பமான எதையாவது கதையுங்கோ."

அவ்வளவுதான். மனுசன் நிமிந்து இருந்தார்.

"எங்கடை வீடு காங்கேசன்துறையிலை. சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கிட்ட. மாவிலையெல்லாம் பவுடர் பூசின மாதிரி நிக்கும். வேலை முடிஞ்சா சங்கு ஊதும், ஊஊஊ எண்டு. எங்கடை குணக்கா அதை அப்பிடியே வாயாலை ஊதுவா. ஒருநாள் ரெண்டு மணிக்கே ஊதிப்போட்டா. பக்கத்து வீட்டு மாமி, மனுசன் வரப்போறார் எண்டு தேத்தண்ணியை ஊத்தி வைச்சிட்டுப் படலையிலை நிக்குது... நாலு மணி வரைக்கும்!"

தக்சாயினிக்குச் சிரிப்பு வந்திட்டுது.

"பேக்கரிப் பாண்காரன் மாதிரியும் கூப்பிடுவா. கடைசியிலை உண்மையான பாண்காரன் வந்து தொண்டை கிழியக் கத்தினாலும், உது குணக்காதான் எண்டு ஒருத்தரும் வெளியிலை வரமாட்டினம். எங்கடை ஒழுங்கையிலை அந்தாளுக்குப் பாதிப் பாண் மிஞ்சும். அம்மா அகப்பைக்காம்போடை கலைப்பா. அக்கா ஓடி ஓடியே அம்மா மாதிரிப் பேசிக்கொண்டு போவா. அம்மா அடிக்கிறதை விட்டிட்டு நிலத்திலை இருந்து சிரிப்பா. எங்கடை வீட்டுக்கு ரேடியோ வாங்கவே இல்லை பிள்ளை. அக்கா இருந்தா போதும்."

"இப்ப அக்கா எங்கை இருக்கிறா?"

மனுசன் வாயை மூடினார்.

ஒரு நிமிசம். ரெண்டு நிமிசம். கண்ணை எடுக்காமல் தக்சாயினியின்ரை முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார், என்னமோ நடக்கப் போகுது எண்டு காவல் இருக்கிற மாதிரி.

அவவுக்கு ஒரு மாதிரிப் போச்சு. எண்டாலும் படிச்ச படிப்பு விடேல்லை. தண்ணிப் போத்தலை அவர் பக்கம் தள்ளி வைச்சிட்டுப் பேசாமல் இருந்தா.

அம்பது நிமிசம் முடிஞ்சுது.

"நான் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லேல்லை," எண்டார்.

"பரவாயில்லை."

"கோபமோ?"

"இல்லை."

"அப்ப அடுத்த கிழமையும் உதே நேரம் தருவியளோ?"

தக்சாயினி எழும்பி நிண்டா. "அண்ணை, நேர சொல்லுறன். உங்களுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. கதவு பாக்கிறியள், திறப்புக் கேக்கிறியள். நான் தனிய இருந்து செய்யிற வேலை இது. தேவையான ஆக்களின்ரை நேரத்திலை பகிடி விடாதேங்கோ. இனி நீங்கள் இஞ்சை வரவேண்டாம்."

"ஓம் பிள்ளை. எனக்கு ஒண்டும் இல்லைத்தான்."

மனுசன் கோபிக்கேல்லை. கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டு வெளியிலை போனார்.

போறாரோ இல்லையோ எண்டு பார்க்க, தக்சாயினியும் வாசலுக்கு வந்தா.

படலையடியிலை ஓட்டோ நிண்டுது. கொளுத்திற வெயிலிலை, ரெண்டு பக்கமும் மழைச்சீலையை இழுத்து மூடியிருந்தது.

ஜெயரூபன் சீலையை ஒரு சாண் மட்டும் தூக்கினார். உள்ளுக்கை நரைச்ச தலையோடை ஒரு அம்மா. முன்கம்பியை ரெண்டு கையாலையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி.

மனுசன் றோட்டிலை குந்தியிருந்து மெல்லமாச் சொன்னார்:

"குணக்கா, கதவுக்குப் பூட்டு இல்லை. நான் வேணுமெண்டு வாய் திறக்காமல் இருந்து பார்த்தனான். அந்தப் பிள்ளையும் முகாமிலை கேட்ட மாதிரிக் கேள்வி கேக்குதுதான். ஆனா, பதில் சொல்லாட்டி அடிக்கேல்லை."