பெடல் இறுகும் வரை
தலைப்பிரசவத்துக்கு மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக மருமகன் போன் செய்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரோ வாசலில் முட்டுக்கட்டை மேல் நிற்கிறது. கணவர் தன் கையாலேயே புது கிளட்ச் மாட்டியிருக்கிறார். கியர் நறநறக்கிறதே தவிர விழமாட்டேன் என்கிறது. "கிளட்ச் எண்ணெய் பைப்புல காத்து புகுந்திருக்கு. அது வெளியேறினாதான் பெடல் இறுகும். மிதி," என்று காருக்கு அடியிலிருந்து குரல் வருகிறது. மிதிக்கிறாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அவள் காலுக்குக் கீழே கிளட்ச் பெடல் பஞ்சாக உள்ளே போகிறது. "அப்படியே புடி... இப்ப விடு." எண்ணெய் குமிழ் விட்டுச் சொட்டுகிறது. "மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தா இந்நேரம் பேரப்புள்ளையையே பார்த்திருக்கலாம்." "வாயை விட்டுட்டுக் காலுக்கு வேலை குடு." மடியில் போன் அதிர்கிறது, எடுக்கப் பயமாக இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதிக்கிறாள். இந்தத் தடவை பெடல் அவள் பாதத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. அவ்வளவுதான், கை தானாகச் சாவிக்குப் பாய்கிறது. "அடியே, நான் இன்னும் கீழதான் கிடக்கேன்!"