நாற்பதாவது பெயர்

“மதுரைக்கே ப்ளேன் வந்துட்டா, எம்மவன் பம்பாயில எறங்குன அன்னைக்கே வீட்டுக்கு வந்துருவானா?”

தங்கத்தாய் கேட்டதும், குருநாதன் பக்கத்தில் நின்ற குல்கர்னியைப் பார்த்தான். குல்கர்னிக்குத் தமிழ் தெரியாது. வளைகுடா நாடு ஒன்றிலிருந்து மலிவுக் கட்டணத்தில் விமானம் விடும் கம்பெனியின் பம்பாய் அதிகாரி அவர். பம்பாயில் இறங்கும் தன் பயணிகளைச் சின்ன விமானத்தில் மதுரைவரை கொண்டு சேர்க்கலாமா என்று கம்பெனி யோசித்துக்கொண்டிருந்தது. அது எண்பத்து மூன்றாம் வருஷம். சர்க்கார் அனுமதி தருமா என்பது பிறகு. முதலில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் குல்கர்னி சங்கரன்கோவில் வரைக்கும் வந்திருந்தார்.

‘துபாய் குருநாதன்’ என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷம் கழித்து, ஆறு மாதத்துக்கு முன்புதான் ஊர் திரும்பியவன். இந்தி பேசுவான். அதனால் உள்ளூர் டிராவல்ஸ்காரர் அவனையே அதிகாரியோடு அனுப்பிவைத்தார்.

இரண்டு நாளாக, வளைகுடாவுக்கு ஆள் போயிருக்கும் வீடு வீடாக அவரைக் கூட்டிக்கொண்டு போனவன், இந்த ஒரு வீட்டை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தான். தங்கத்தாயின் மகன் பெத்துராஜும் அவனும் ஒரே நாளில், ஒரே ரயிலில் ஊரைவிட்டுப் போனவர்கள். திரும்பி வந்தது அவன் மட்டும்தான். வந்ததிலிருந்து இந்தத் தெருப்பக்கம் அவன் தலைவைத்துப் படுக்கவில்லை.

“இப்ப ரயிலு மாறி மாறி வர மூணு நாளாவுது. ப்ளேன்னா ஒரே நாளுதான் பெரியம்மா” என்றான்.

தங்கத்தாயின் கண் கலங்கியது. “அவுக அய்யா கெடையில கெடந்தப்ப தந்தி குடுத்தோம்யா. வந்து சேர முடியல. கடல் தாண்டிக் கெடக்கவன் என்ன செய்வான்? இப்பிடி ஒரு வசதி அன்னைக்கி இருந்திருந்தா, பெத்தவரு மூஞ்சியையாவது பாத்திருப்பான்.”

குருநாதன் தரையைப் பார்த்தான்.

“என்ன சொல்கிறார்கள்?” என்று குல்கர்னி இந்தியில் கேட்டார்.

“ப்ளேன் வந்தால் நல்லது என்கிறார்கள், சாப்.”

குல்கர்னி காகிதத்தைப் புரட்டினார். “நேற்றுவரை முப்பத்தெட்டுப் பேர். உங்களைச் சேர்த்து முப்பத்தொன்பது. இவர் மகன் நாற்பதாவது. இந்த வட்டாரத்தில் நாற்பது பேர் இருந்தால்தான் சாதகமாக எழுத முடியும். அவருக்கு எங்கே வேலை, எப்போது லீவு என்று கேளுங்கள்.”

குருநாதன் கேட்டான். நிலைப்படியில் நின்ற சுப்புத்தாய்தான் பதில் சொன்னாள். பெத்துராஜின் மனைவி. பக்கத்துத் தறிக்கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு வந்திருந்தார்கள். தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது.

“கட்டடக் கம்பெனியிலதான் அண்ணாச்சி. போன மாசங்கூடக் கடுதாசி போட்டிருந்தாரு. அங்கன வெயிலு தாங்க முடியலையாம். லீவு எப்பன்னு எழுதல.”

“எனக்கு எழுத்தா தெரியும்? எம்மருமவதான் வாசிச்சுக் காட்டுவா” என்றாள் தங்கத்தாய். “ஏய்யா குருநாதா, ப்ளேன்ல ஏறுனா பயமா இருக்குமோ?”

“மேல போவும்போது காத அடைக்கும் பெரியம்மா. பெறகு ஒண்ணுந் தெரியாது. மேகமெல்லாம் நமக்குக் கீழ கெடக்கும்.”

சொல்லும்போது சுப்புத்தாய் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

குல்கர்னி பேனாவைத் திறந்தார்.

“சாப், இந்தப் பெயர் வேண்டாம்” என்றான் குருநாதன் இந்தியில்.

“ஏன்?”

“வேண்டாம், விட்டுவிடுங்கள். என் பெயரையும் அடித்துவிடுங்கள். நான் போகப்போவதில்லை.”

“முப்பத்தெட்டு என்று எழுதினால் உங்கள் வட்டாரத்தையே தள்ளிவிடுவார்கள். இந்த அம்மா இவ்வளவு ஆசைப்படுகிறார்களே, உங்களுக்கு மனசு வரவில்லையா?”

குருநாதன் காகிதத்தில் தன் பெயரைத் தொட்டுக் காட்டினான். குல்கர்னி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் பெயர்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, காகிதங்களைக் கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்ற காரை நோக்கி நடந்தார்.

“என்னய்யா, எழுதிக்கிட்டாரா?”

“எழுதிக்கிட்டாரு பெரியம்மா.”

தங்கத்தாய் கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

குருநாதன் வேகமாக வெளியே வந்தான். பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி, நில்லுங்க.”

நின்றான். எந்தக் கேள்விக்குப் பயந்து ஆறு மாதமாக இந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனானோ, அது வந்துவிட்டது என்று நினைத்தான்.

சுப்புத்தாய் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் எழுந்து வரவில்லை. தறிக்கூடத்துச் சத்தத்தில் இங்கே பேசுவது உள்ளே கேட்கவும் கேட்காது.

“அவரு பேர அந்த சார் எழுதல. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். எழுதாததும் நல்லதுதான்.”

“இல்ல, வந்து... பெத்துராஜு...”

“நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. நீங்க ரெண்டு பேரும் பம்பாயத் தாண்டலன்னு எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். ஏஜெண்டு கம்பி நீட்டுனது, ஒரே ஓட்டல்ல ரெண்டு பேரும் எச்சித்தட்டு கழுவுனது, எல்லாத்தையும் எனக்கு எழுதிட்டாரு. அத்தைக்குத்தான் துபாயின்னு மாத்தி வாசிச்சுக்கிட்டிருக்கேன்.” அவள் குரல் தணிந்தது. “அங்கன அவருக்கு மூணு வேளையும் சோறு போடுதாங்களா? அத மட்டும் நெசமாச் சொல்லுங்க.”