அரைவைக்கு முன்

லாரியின் பின்கதவு திறந்ததும் மீன் சரிந்து கொட்டியது.

காரல், சாளை, இன்னதென்று சொல்லும் அளவுக்கு வளராத குஞ்சுகள். சந்தையில் விலைபோகாதவை.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"ஏம்ளா, இன்னைக்கு நீ இங்க நிக்க வேணாம். மூட்டை தைக்கிற பக்கம் போ," என்றாள் பெர்பெத்து. அந்தத் தீவனத் தொழிற்சாலையில் பெண்களுக்கெல்லாம் அவள்தான் மேஸ்திரி.

"இல்லக்கா. நான் இங்கயே நிக்கேன்."

பெர்பெத்து அவளைப் பார்த்தாள். அவள் தன் இடத்தில் போய் நின்றாள்.

அவள் கணவன் கிறகோரி போன வள்ளம் போன மாதம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவன் வரவில்லை. உடலும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு இன்னும் குழி வெட்டவில்லை.

இந்த லாரிகளில் வருவதும் அந்தக் கடலின் மீன்தான்.

ஓடும் பட்டையில் மீன் வந்துகொண்டே இருக்கும். கயிறு, வலைத்துண்டு, கல், பிளாஸ்டிக் பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்கிப் போடுவது அவள் வேலை. முன்பெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டே பொறுக்குவாள்.

பட்டை முடிகிற இடத்தில் இயந்திரத்தின் வாய். அதற்குள் போகிற மீன் வெந்து, உலர்ந்து, மாவாகும். மாவு தவிட்டோடும் புண்ணாக்கோடும் சேர்ந்து குருணையாகும். குருணை மூட்டையேறி இறால் பண்ணைகளுக்குப் போகும். எங்கெங்கோ குளங்களில் அள்ளித் தூவுவார்கள்.

அதன்பிறகு யாராலும் எதையும் பிரித்தெடுக்க முடியாது.

மீன்களுக்கு நடுவே நீலமாக ஏதோ வந்தது.

கிறகோரி அன்று இடுப்பில் கட்டியிருந்தது நீலச் சாரம்.

அவள் கை சிவப்புப் பொத்தானை அறைந்தது.

பட்டை நின்றது. கூடம் முழுக்க இரைச்சல் அடங்கியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மீன்களை விலக்கினாள். நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது.

தார்ப்பாய். கிழிந்த தார்ப்பாய்.

அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுடையதில்லை என்று மூச்சு வந்தது. அந்த மூச்சும் ஏன் வந்தது என்றிருந்தது.

மேலாளர் தன் அறையிலிருந்து இறங்கி வந்தார். "யாரு நிறுத்துனது?"

"நான்தான் சார்," என்றாள் பெர்பெத்து. "ஓட்டம் சாஸ்தியா இருக்கு. கொஞ்சம் கொறச்சு விடச் சொல்லுங்க."

அவர் பெர்பெத்துவைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். பட்டையை ஓட்டுகிறவனுக்குச் சைகை காட்டினார்.

பட்டை மெல்ல நகர்ந்தது.

பெர்பெத்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். கையுறை போடவில்லை. குனிந்து, வருகிற குவியலைக் கிளறத் தொடங்கினாள்.

பெர்பெத்துவின் தம்பியையும் கடல் கொண்டுபோனது ஊரில் இப்போது யாருக்கும் நினைவில் இல்லை.

ஒரு மீனைக்கூட அவள் புரட்டிப் பார்க்காமல் விடவில்லை.