குடும்பத்தில் யாருக்காவது

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளப் போவதாக வினோலியா சொன்னதும் அக்கா மார்கரெட்டின் முகம் மாறிவிட்டது.

"அது வேண்டாம்ட்டி" என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினாள்.

வினோலியாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். எடை தொண்ணூற்றாறு கிலோ. குழந்தைக்காகப் பார்த்த டாக்டரம்மா, முதலில் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். காலையில் நடந்து பார்த்தாள். ராத்திரிச் சோற்றை விட்டுப் பார்த்தாள். இரண்டு கிலோ குறைந்து மூன்று கிலோ ஏறியது. கங்கைகொண்டானில் அவளோடு வேலை பார்க்கும் சபீதா வாரம் ஒரு ஊசி போட்டு ஆறே மாதத்தில் பதினோரு கிலோ குறைந்திருந்தாள்.

மார்கரெட் இரண்டு பிள்ளை பெற்றும் ஒல்லியாகவே இருப்பவள். வள்ளியூரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் அக்காவையும் தங்கையையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துத்தான் பேசுவார்கள்.

"நானும் மெலிஞ்சிட்டா அவ பெருமை குறைஞ்சு போவும்லா, அதான் தடுக்குறா" என்று வினோலியா கணவன் கிளமென்டிடம் சொன்னாள். அவனுக்கும் அப்படித்தான் பட்டது.

மார்கரெட் விடவில்லை. மூன்று நாளில் நாலு தடவை போன் செய்தாள். ஊசிக்காகப் பாளையங்கோட்டை டாக்டரிடம் என்றைக்குப் போகிறாள், எத்தனை மணிக்கு என்று கேட்டாள். கடைசியில், போவதென்றால் தானும் கூட வருவதாக முடிவாகச் சொல்லிவிட்டாள். காரியத்தைக் கெடுக்கத்தான் வருகிறாள் என்று தெரிந்தும் வினோலியா சரி என்றாள்.

டாக்டர் நிதானமானவர். கணையத்தில் வீக்கம் வந்ததுண்டா, பித்தப்பையில் கல் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்றெல்லாம் விசாரித்தார். ஆரம்பத்தில் குமட்டும் என்றார். நிறுத்தினால் குறைந்த எடை திரும்ப ஏறலாம் என்றும், குழந்தைக்கு முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே ஊசியை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். வினோலியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மார்கரெட் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"குடும்பத்துல யாருக்காவது தைராய்டுல கேன்சர் வந்திருக்கா?"

"இல்ல சார். என் கல்யாணத்துக்கு முன்ன அக்காவுக்குக் கழுத்துல ஒரு கட்டி எடுத்தாங்க. சாதாரணக் கட்டிதான்."

டாக்டர் மருந்துச் சீட்டைப் பக்கத்தில் இழுத்தார்.

"சாதாரணக் கட்டி இல்ல சார்" என்றாள் மார்கரெட்.

பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வினோலியாவின் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். தைராய்டு கேன்சரில் கூடப் பிறந்தவர்களுக்கும் வரக்கூடிய வகை இது, இந்த ஊசி வினோலியாவுக்குக் கூடவே கூடாது என்றார். முதலில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஏதாவது இருந்தாலும் இப்போதே கண்டுபிடித்துவிட்டால் குணப்படுத்தலாம். ஊசிக்குப் பதிலாகப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோவில் ஏறியதும் வினோலியா கேட்டாள். மூன்று வருஷமாக ஏன் மறைத்தாய் என்று.

"இந்த ரிப்போர்ட் வந்த வாரந்தான் உனக்கு நிச்சயம் ஆச்சு. குடும்பத்துல வர்ற நோய்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல பின்வாங்கிருவாங்கன்னு பயந்துட்டேன். தங்கச்சிட்ட சொல்லி ரத்தம் பாக்கச் சொல்லுன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. கல்யாணம் முடியட்டும், கிறிஸ்மஸ் முடியட்டும்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன். என் தப்புதான்."

வினோலியா கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் கடைசிவரை குண்டாவே இருக்க வேண்டியதுதானா?" என்றாள். அது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மார்கரெட் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குண்டாவே இரு. நீ இருந்தா போதும்."