தேறிய தண்ணீர்

சாயத் தொழிற்சாலையின் கழிவுநீரைச் சோதிப்பது அவளுடைய வேலை. கண்ணாடித் தொட்டியில் அதை ஊற்றி மீன்களை விடுவாள். மறுநாளும் அவை பிழைத்திருந்தால் தண்ணீர் தேறியதாகக் கணக்கு. தொழிற்சாலை அதை ஏரியில் திறந்துவிடலாம். அந்த ஏரியில் குளித்துத்தான் அவளுடைய அண்ணன் மகளுக்கு உடம்பெல்லாம் புண்.

அன்று மாலைக்குள் எல்லா மீன்களும் செத்து மிதந்தன.

“எதுவும் சாகலைன்னு எழுதும்மா,” என்றார் அதிகாரி.

“என் கையால எழுத மாட்டேன் சார்.”

“அப்ப நானே எழுதுறேன். நான் எழுதுறதுதான் அதுங்க தலையெழுத்து,” என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

காலையில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன, மல்லாந்தபடியே. கண்கள் வெளுத்திருந்தன. செவுள்கள் அசையவில்லை.

அதிகாரி வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, “நீந்துதுல்ல, அது போதும்,” என்று நகர்ந்துவிட்டார்.

மதியம் கழிவுநீரை ஏரியில் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் அண்ணன் போனில் கூவினார்.

“ஏரியில மறுபடி மீன் வந்துடுச்சும்மா! புள்ளைங்க எல்லாம் தண்ணியிலதான் கெடக்குதுங்க.”

“அண்ணே, மொதல்ல பாப்பாவ வெளிய கூப்பிடுங்க!”

“கூப்பிட்டுப் பாத்துட்டேன், காதுலயே வாங்கல. எப்பக் கத்துக்கிட்டாளோ தெரியல, மல்லாக்கப் படுத்து என்னமா நீந்துறா உன் மருமக!”