காரைக்குடி லைன்

"யாரு பக்கமும் சாயக்கூடாது. நடுவருக்கு அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே மஹாலட்சுமி ஒரு பொய்யை டைப் செய்தாள்.

'லைன் மோசம். கொஞ்சம் பொறுங்க.'

பக்கத்து நாற்காலியில் இருந்த மரிய அனிதா குழம்பினாள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

காரைக்குடிக்கு பிரவுசிங் சென்டர் வந்த புதிது. சனிக்கிழமைகளில் ஆறு பேர் வெவ்வேறு ஊரிலிருந்து சாட் ரூமில் கூடுவார்கள். அவர்களில் ஒருவர் திருடன். யாரென்று நடுவருக்கும் திருடனுக்கும் மட்டுமே தெரியும். நடுவர் கேட்கும் கேள்விக்கு ஒவ்வொருவரும் அவளுக்குத் தனியாகப் பதில் அனுப்ப வேண்டும். அவள் அதைப் பொதுவில் போடுவாள். சந்தேகம் விழுகிற ஆளை ஓட்டுப் போட்டு வெளியேற்றுவார்கள்.

மஹாலட்சுமிக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. இனி அனிதாதான் நடுவர். நல்ல பேர் எடுக்க வேண்டுமே என்று அவளுக்கு ஒரே படபடப்பு.

"அஞ்சு பேரு பதில் வந்திருச்சேக்கா. ஏன் பிடிச்சு வச்சிருக்கீக?"

"ஆறும் வரட்டும்."

மதுரையிலிருந்து தேவா வம்புக்கு இழுத்தான். 'காரைக்குடி லைனை மாட்டு வண்டில ஏத்தி விட்டீகளா?'

மஹாலட்சுமி சிரித்துக்கொண்டாள். ஆறாவது பதிலும் வந்த பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாள். சுற்றுக்குச் சுற்று இதே கூத்து. இவள் சும்மா உட்கார்ந்திருப்பாள், பழி லைனுக்கு.

இப்படி ஒரு சோம்பேறியா இத்தனை நாள் நடுவர்? கேட்க அனிதாவுக்குக் கூச்சம்.

"அடுத்த ஆட்டம் நீ நடத்து. ஆறும் வந்த பிறகுதான் போடணும், மறந்திராத" என்றபடி மஹாலட்சுமி டீ வாங்கப் போனாள்.

அனிதா காத்திருக்கவில்லை. பதில்கள் வர வரப் போட்டாள்.

'புது நடுவர் வந்ததும் லைன் பறக்குதே' என்றான் தேவா.

அனிதாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து பதில்கள் வந்துவிட்டன. சிவகங்கையிலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த சிட்டாளின் பதில் மட்டும் பாக்கி.

'சிட்டாளு மட்டும் என்ன இம்புட்டு யோசனை?' என்று ஆரம்பித்தான் தேவா.

'பொய்ய ஜோடிக்க நேரம் வேணும்ல' என்றான் திருச்சியிலிருந்து அருண் ஜோசப்.

அவ்வளவுதான். மளமளவென்று ஓட்டு விழுந்தது. சிட்டாள் வெளியே.

அவள் திருடி இல்லை. அனிதாவுக்கு அது தெரியும். ஆனால் சொல்லக்கூடாதே.

ஓட்டு முடிந்த பிறகு சிட்டாளிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. 'நான் பொய் சொல்லலக்கா. ஒவ்வொரு எழுத்தும் எங்குட்டு இருக்குன்னு தேடித் தேடித்தான் எனக்கு அடிக்க வருது. இனிமே நான் வரல.'

அவள் பெயர் திரையிலிருந்து மறைந்தது.

டீயோடு திரும்பிய மஹாலட்சுமி அதைப் படித்தாள்.

"இவளுக்காகத்தான் எல்லாரையும் காக்க வச்சீகளா?" அனிதா கேட்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா அவளைப் பாவம்னு பார்த்திருப்ப. அவ விளையாட வந்த பிள்ளை."