அவள் ஏன் சிரித்தாள்?

“இந்தப் பொம்புளைக்கு வேற சோலியே இல்லையா?”

ஜவுபர் கடிதத்தை மேசையில் போட்டான்.

கல்முனையில் அச்சாகும் சின்ன மாதப் பத்திரிகை அது. சினிமாக் கேள்வி பதில் பக்கம் அவனுடையது. எண்பத்திரண்டில் தியேட்டரில் மாதக்கணக்காக ஓடிய ஒரு கல்லூரிப் பகிடிப் படம் அவனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருந்தது. படத்தில் பிழை பிடித்து வாசகர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

‘ஆற்றில் விழுந்த கதாநாயகன் கரையேறும்போது சட்டை காய்ந்திருக்கிறதே?’

‘காதல் சூடு.’

‘பரீட்சை மண்டப மணிக்கூட்டில் பன்னிரண்டு. வாத்தியார் நாலு மணி என்கிறாரே?’

‘அவருக்கு வீட்டுக்குப் போக அவசரம்.’

சாய்ந்தமருதுத் தேத்தண்ணிக் கடைகளில் இதை உரக்க வாசித்துச் சிரித்தார்கள்.

படத்தின் முடிவுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை. கல்லூரிப் பெண்ணைச் சபையில் நிறுத்தி, வயதான பணக்காரனைக் காட்டி, “சம்மதமா?” என்று கேட்கிறார்கள். அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அதோடு படம் முடிந்துவிடுகிறது.

இந்தக் கடிதமும் அதைப் பற்றித்தான். அச்சகக்காரர் நல்லரெத்தினம் அதை எடுத்து வாசித்தார்.

“‘அவள் சிரித்தது சம்மதமா? வேண்டாம் என்று சொல்ல முடியாதவள் வேறு என்ன செய்வாள்? பக்கத்தில் நிற்கிற அண்ணன் அவளிடம் ஏன் ஒரு வார்த்தை தனியாகக் கேட்கவில்லை? தயவுசெய்து பகிடி பண்ணாமல் பதில் எழுதவும். ஒரு வாசகி, மருதமுனை.’”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இது படத்தைப் பத்தின கேள்வி மாதிரித் தெரியல்ல தம்பி. யோசிச்சு எழுதும்.”

“பகிடிப் படத்தில யோசிக்க என்ன ஐயா இருக்கு? மருதமுனை எங்கட ஊருதான். ஆரோ தறிக்குப் போற பொட்டையா இருக்கும்.”

நின்ற நிலையிலேயே பதில் எழுதினான்.

‘பெண் அழுதால் ஆயிரம் அர்த்தம். சிரித்தால் ஒரே அர்த்தம்தான். அது சரி, வாசகிக்கு எப்போது கலியாணம்?’

அந்த மாதம் பத்திரிகை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த மாதம் ஜவுபரின் தங்கை நதீராவுக்குக் கலியாணம். அவளுக்குப் பத்தொன்பது வயது. மாப்பிள்ளை அப்துல் ஸமட், அக்கரைப்பற்றில் அரிசி ஆலை வைத்திருப்பவர். நாற்பதைத் தாண்டியவர். முதல் மனைவி நோயில் மௌத்தாகிவிட்டாள்.

“புள்ளையிட்ட ஒருக்காக் கேளு மகன்,” என்றாள் உம்மா.

“வாப்பா இல்லாத வீட்டில பொண்ணுக்குப் பொறுப்பான வலிகாரன் நான்தானே உம்மா. கலியாணப் பதிவுக் காவின்ல கையெழுத்து வைக்கிறவன் நான். என்ட தங்கச்சிக்குக் கெட்டதையா பார்ப்பன்?”

உம்மா எழுந்து உள்ளே போனாள்.

கலியாணத்தன்று இரண்டு சாட்சிகளோடு அவன் பெண்ணின் அறை வாசலுக்குப் போனான். உள்ளே நிறையப் பெண்கள். நடுவில் நதீரா.

“நதீரா, அக்கரைப்பற்று அப்துல் ஸமடுக்கு உன்னைக் காவின் எழுதச் சம்மதமா?”

அவள் தலையை நிமிர்த்தி அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“புள்ளைக்கு வெக்கம்,” என்றாள் ஒருத்தி.

“ஓம், சம்மதம்தான்,” என்று சாட்சிகளைப் பார்த்துச் சொன்னான் ஜவுபர். வெளியே போய்க் கையெழுத்து வைத்தான்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருந்தார். நதீரா அவருக்குச் சமைத்தாள், துவைத்தாள். ‘காக்கா, காக்கா’ என்று அண்ணனோடு கதைப்பதை மட்டும் குறைத்துக்கொண்டாள். குடும்பப் பாரம் வந்துவிட்டது, அதுதான் என்று ஜவுபர் நினைத்துக்கொண்டான்.

மூன்று மாதம் போயிருக்கும். அச்சக வாசலில் நின்ற நல்லரெத்தினம் றோட்டைக் காட்டினார்.

“அண்டைக்கு நீர் பகிடி பண்ணினீரே, அந்தக் கடிதம்? அதைக் கொண்டுவந்து தந்த புள்ளை அந்தாப் போகுது.”

ஜவுபர் எட்டிப் பார்த்தான். சபூறா. நதீராவோடு ஒன்றாகப் படித்தவள். இப்போது தறிக்குப் போகிறாள்.

“ஏன் ஐயா அண்டைக்கே சொல்லல்ல?”

“நீர் கேட்கல்லையே தம்பி.”

சபூறாவுக்கும் எங்கோ கலியாணம் பேசுகிறார்கள் என்று போன கிழமைதான் உம்மா சொல்லியிருந்தாள். சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தான். நதீரா குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

“நதீரா, உன்ட கூட்டாளி சபூறாக்கு விருப்பமில்லாத கலியாணமா பேசுறாங்க?”

“இல்லையே. அவக்கு விருப்பம்தான். ஏன்?”

“உனக்குத் தெரியாது. அவள் மனசுக்குள்ள வெச்சிருக்கிறாள். அந்தப் படத்தைப் பத்திப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினதே அவள்தான். எனக்குத்தான் அண்டைக்கு விளங்கல்ல. பாவம், அந்தப் புள்ளையிட சம்மதத்தை ஆராவது ஒழுங்காக் கேட்க வேணாமா? இது அநியாயம். இண்டைக்கே அவள்ற வாப்பாவோட நான் கதைக்கிறன்.”

நதீரா கத்தியைக் கீழே வைத்தாள்.

“வேணாம் காக்கா. எழுதினதுதான் சபூறா. அந்தக் கேள்வியைக் கேட்டது நான்.”